பன்னிரண்டு நாள் இருமல்

வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுவது அவளுக்கு இருபத்திரண்டு வருட வேலை. அதனால் மீட்டரக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்த வட்டாரத்தில் யாருக்கும் தெரியாது. வாசலோரத்து இரும்பு மூடியைத் தூக்கி, உள்ளே குடியிருக்கும் கரப்பான்பூச்சிகளை விரட்டி, கண்ணாடியைத் துணியால் துடைத்து, எண்ணைப் படித்து எழுதுவாள். கொஞ்சம் குறைத்து எழுதக் கூடாதா என்று கேட்பவர்கள் தெருவுக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். முள் ஓடினது ஓடினதுதான், அதற்குப் பின்பக்கமாக நடக்கத் தெரியாது என்று சிரித்துக்கொண்டே அடுத்த வாசலுக்குப் போய்விடுவாள். அவள் எழுதியதில் தப்பு என்று அலுவலகத்துக்குப் புகார் போனது ஒரே ஒரு முறை. போய்ப் பார்த்ததில் மீட்டர்தான் கெட்டிருந்தது.

அப்படிப்பட்டவள், புருஷன் விஷயத்தில் பன்னிரண்டு நாள் பொய் எழுதினாள்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊர் முழுக்க லிஃப்ட் ஓட வைத்துவிட்டு, சாயங்காலம் தன் வீட்டுக்கு மூன்று மாடி படியேறி வருகிறவர். நம்ம தலையில படின்னுதான் எழுதியிருக்கு என்று தினமும் அதே நகைச்சுவையைச் சொல்வார், அவளும் தினமும் சிரிப்பாள். பீடி, சிகரெட்டைத் தொட்டதே கிடையாது. ஆனாலும் ஐம்பத்தாறு வயதில் நுரையீரலில் புற்றுநோய் வந்தது. முதலில் ஊசி வழியாக ஏற்றிய மருந்துக்குக் கட்டி கொஞ்சமும் அசையவில்லை. விரல் நுனிகள் மரத்துப்போனதுதான் மிச்சம். சட்டைப் பொத்தானைக்கூட அவள்தான் போட்டுவிட வேண்டியிருந்தது.

அப்போதுதான் டாக்டர் புது மருந்துச் சோதனையைப் பற்றிப் பேசினார். தினம் ஒரு மாத்திரை. இதுவரை கடைக்கு வராதது. யாருக்குப் புது மருந்து, யாருக்கு வழக்கமான மருந்து என்பதைக் கம்ப்யூட்டர்தான் தீர்மானிக்கும். குணமாகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, பிடிக்கவில்லை என்றால் எந்த நாளும் விலகிக்கொள்ளலாம் என்று டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். சம்மதப் படிவம் பதினெட்டுப் பக்கம். மெஷினோடு வரும் புத்தகத்தைப் படிப்பதுபோல அவர் அதை ஒரு வரி விடாமல் படித்தார். படித்து முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எனக்குக் கேக்கலைன்னாலும், எனக்கப்புறம் வர்றவங்களுக்கு இது உதவுமா டாக்டர்?"

"உதவும். ஆனா உங்க உடம்புல என்ன நடக்குதுன்னு எங்களுக்குச் சரியாத் தெரியணும். அவ்வளவுதான்."

அவருக்குப் புது மாத்திரை விழுந்தது. கூடவே ஒரு நோட்டும் கொடுத்தார்கள். மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டார், இருமல் உண்டா, மூச்சு வாங்குகிறதா, காய்ச்சல், தடிப்பு, வயிற்றுப்போக்கு என்று தினமும் கட்டத்தில் குறிக்க வேண்டும். பேனா பிடிக்க அவர் விரலுக்குத் தெம்பில்லாததால் எழுதுகிற வேலை அவளுக்கு வந்தது. எழுதுவதற்கு உன்னைவிட ஆள் கிடைக்குமா என்று அவர் சொன்னபோது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சோதனைக்கென்றே ஒரு நர்ஸ் இருந்தாள், சின்ன வயசு. வாரம் ஒரு முறை ஃபோன் செய்து விசாரிப்பாள்.

இரண்டாம் மாதம் ஸ்கேன் எடுத்ததில் கட்டி மூன்றில் ஒரு பங்கு சுருங்கியிருந்தது. அவர் மறுபடியும் உட்கார்ந்து சாப்பிட்டார். பக்கத்துக் கட்டட லிஃப்ட் முனகுவதைக் கேட்டுவிட்டு, கயிறு தேய்ந்துவிட்டது என்று வாட்ச்மேனுக்குச் சொல்லியனுப்பினார். வேறு ஊரில் இருக்கும் மகள் ஃபோனில் அப்பா குரலைக் கேட்டுவிட்டு அழுதாள். மீட்டரக்கா அந்த மாத்திரை டப்பாவை அலமாரியில் கை தவறி விழாத இடமாகப் பார்த்து வைத்தாள். அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் உயிரையே எடுப்பது போலிருக்கும் அவளுக்கு.

நாலாம் மாதம் ஒரு திங்கட்கிழமை அவர் இருமினார். சளி இல்லாத வறட்டு இருமல். ராச்சாப்பாட்டுக்கு முன்னால் அவள் நோட்டை எடுத்தபோது, "இருமல்னு போட்டுக்கோ" என்றார்.

அவள் பேனாவைக் கட்டத்துக்குக் கொண்டுபோனாள். படிவத்தின் பதினோராம் பக்கம் ஞாபகத்துக்கு வந்தது. அபூர்வமாகச் சிலருக்கு இந்த மருந்தால் நுரையீரல் வீங்கலாம், அப்படி ஆனால் மருந்தை நிரந்தரமாக நிறுத்திவிடுவோம் என்று அதில் இருந்தது. நிறுத்திவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? ஒரு நாள் இருமல்தானே, நாளைக்கு நின்றுவிடும், நின்ற பிறகு பழையபடி உள்ளதை உள்ளபடி எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். 'இல்லை' என்ற கட்டத்தில் குறித்தாள்.

மறுநாளும் இருமல் நிற்கவில்லை. முந்தின நாள் 'இல்லை' என்று இருக்கும்போது இன்று மட்டும் எப்படி எழுதுவது என்று அன்றும் அதையே குறித்தாள். முதல் நாள் குறிக்கும் முன் கொஞ்சம் தயங்கினாள். நாலாம் நாள் அதுவும் இல்லை. ஏழாம் நாள் நர்ஸ் ஃபோன் செய்தாள். எல்லாம் நல்லாயிருக்கும்மா என்று மீட்டரக்கா சொல்லி வைத்துவிட்டாள். உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

"இருமலைச் சொன்னியா?"

"சொன்னேங்க. தூசியா இருக்கும், பயப்பட ஒண்ணும் இல்லைன்னு சொன்னாங்க."

வாய் கூசாமல் வந்தது. தன் பொய்யை அந்தப் பெண்ணின் வாயில் வைத்துவிட்டோமே என்று அப்போது தோன்றவே இல்லை. அதெல்லாம் பிற்பாடுதான்.

பதின்மூன்றாம் நாள் காலையில் அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு நீலம் பாரித்திருந்தது. ஆம்புலன்ஸ் ஆட்கள் நாற்காலியோடு தூக்கி மூன்று மாடி இறக்கினார்கள். ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே கொண்டுபோன பிறகு, டியூட்டி டாக்டர் அவளிடம் எப்போதிலிருந்து மூச்சு வாங்குகிறது, இதற்கு முன்னால் இருமல் இருந்ததா என்று கேட்டார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது. அவளோ நேற்றுச் சாயங்காலத்திலிருந்துதான், அதற்கு முன்னால் ஒன்றுமில்லை என்றாள். நோட்டும் அதையேதான் சொன்னது. முன்னறிகுறி இல்லாமல் திடீரென்று ஏற்பட்ட நுரையீரல் வீக்கம் என்று எழுதி, சோதனையை நடத்துகிறவர்களுக்கு அன்றைக்கே அனுப்பினார்கள்.

ஒன்பது நாள் கழித்து அவர் பிழைத்து வந்தார். ஆனால் பாதி மூச்சோடு. மாத்திரை அடியோடு நின்றது. படியேறும்போது மாடிக்கு மாடி உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நேரத்தில் அவராகவே சொன்னார்.

"அந்த நர்ஸ் பொண்ணுகிட்ட இருமல் விஷயத்தைக் கேட்டுக் கீட்டு வைக்காதே. தூசின்னு தெரியாமச் சொல்லிட்டா. தெரிஞ்சா மனசு உடைஞ்சு போயிடுவா, பாவம்."

மீட்டரக்காவுக்குத் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டது போலிருந்தது. சரிங்க என்று மட்டும் சொன்னாள். அதன்பின் அந்த நர்ஸைப் பார்க்கும்போதெல்லாம் தரையைப் பார்த்தே பேசினாள். வேலையிலும் கவனம் போனது. ஒரு எண்ணை மூன்று தடவை படிப்பாள், மூடியை மூடிவிட்டு மறுபடி திறப்பாள்.

மாத்திரை நின்றாலும் சோதனையில் சேர்ந்தவர்களை விட்டுவிடுவதில்லை, மாதம் ஒரு முறை வரச் சொல்வார்கள். அப்படி இரண்டாவது முறை போயிருந்தபோது அவர் மூச்சுப் பரிசோதனைக்கு உள்ளே போயிருந்தார். வெளியே பெஞ்சில் தையல்காரம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இவளும் அதே மாத்திரை சாப்பிடுகிறவள்தான். திரைச்சீலையும் தலையணை உறையும் தைக்கிறவள், நாற்பத்தைந்து வயசு இருக்கும், வாய் ஓயாது. சோதனை தொடங்கிய நாளிலிருந்து பெஞ்சுப் பழக்கம். பேச்சுக்கு நடுவில் இரண்டு முறை இருமினாள். வறட்டு இருமல்.

"எத்தனை நாளா இது?" என்று மீட்டரக்கா கேட்டாள்.

"ஒரு பத்து நாளா இருக்கு. பஞ்சுத் தூசிக்கா, எங்க பொழப்பே அதுதானே. உங்க வீட்டுக்காரருக்கு ஆன மாதிரி ஆகிடுமோன்னு நானும் பயந்தேன். ஆனா எல்லாருக்கும் ஒரு தாள் கொடுத்தாங்களே, அது திடீர்னு வரும், மூச்சுத் திணறினா உடனே கூப்பிடுங்கன்னு. எனக்குத் திணறல் ஒண்ணும் இல்லை. சும்மா இருமல்தான். இதைப் போய் நோட்டுல எழுதி மாத்திரையைக் கெடுத்துக்குவானேன்?"

திடீரென்று வரும் என்று அந்தத் தாளில் எழுத வைத்தது யார் என்று மீட்டரக்காவுக்குத் தெரியும். எழுந்து நின்றாள். கால் தானாகவே நர்ஸ் அறைப் பக்கம் போனது. சின்ன அறை அது. ஒரு பக்கம் மருந்து வைக்கும் ஃபிரிட்ஜ், இன்னொரு பக்கம் எடை பார்க்கும் மெஷின், நடுவில் இருவர் முழங்கால் இடிக்கும்படி ஒரு மேசை. கதவைச் சாத்திவிட்டுச் சொல்லத் தொடங்கினாள். மென்று விழுங்கவில்லை. பன்னிரண்டு நாளையும், ஃபோனையும், டியூட்டி டாக்டரிடம் சொன்னதையும் சொன்னாள். கடைசியில், தூசி என்று நர்ஸ் சொன்னதாக வீட்டில் சொல்லி வைத்ததையும் சொன்னாள்.

நர்ஸ் முகம் வெளுத்துவிட்டது. "இவ்வளவு நாளா அவர் என்னை அப்படியா நினைச்சிட்டிருந்தார்?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வெளியே போய், தையல்காரம்மாவைக் கையோடு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அரை மணி கழித்துத்தான் திரும்பி வந்தாள். பழைய நோட்டை எடுத்து மேசையில் விரித்தாள்.

"அழிக்கக் கூடாது அக்கா. மேல ஒரே ஒரு கோடு. பக்கத்துல சரியானது, உங்க கையெழுத்து, இன்னைய தேதி. தப்பா எழுதினதும் தெரியணும், திருத்தினதும் தெரியணும்."

எந்த நாள் எவ்வளவு இருமினார் என்று நினைவுபடுத்த அவளுக்குத் தெருக்கள் கைகொடுத்தன. அச்சகத் தெருவில் மீட்டர் எழுதிய அன்று அவர் படியேறும்போது இருமி இரண்டாம் மாடியில் நின்றார். மார்க்கெட் பின்பக்கம் எழுதிய அன்று சோற்றைப் பாதியில் வைத்துவிட்டார். பன்னிரண்டு கோடு போட்டு, பன்னிரண்டு கையெழுத்துப் போட்டாள்.

டாக்டர் திட்டவில்லை. அவரே வந்து கேட்கட்டும் என்று அவள் காத்திருக்கவும் இல்லை, தானாகப் போய்க் கேட்டாள். அன்றைக்கே எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நுரையீரல் இவ்வளவு கெட்டிருக்காது என்பது மட்டும் நிச்சயம், கட்டியைப் பற்றி யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆறுதலுக்காக ஒரு வார்த்தை கூட்டியும் சொல்லவில்லை, கோபத்தில் ஒரு வார்த்தை குறைத்தும் சொல்லவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது இரண்டாம் மாடிப் படியில் அவர் மூச்சு வாங்க உட்கார்ந்தார். அவளும் ஒரு படி கீழே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். எழுந்து மெதுவாக ஏறி வீட்டுக்குள் போய்ப் படுத்தார். இரண்டு நாள் பேசவில்லை. அவள் வைத்ததைச் சாப்பிட்டார், பொத்தான் போட நெஞ்சை நிமிர்த்திக் காட்டினார், அவ்வளவுதான். மூன்றாம் நாள் காலை வாயைத் திறந்தார்.

"என்கிட்ட மறைச்சது போகட்டும், நான் உன் புருஷன். அந்தத் தையல்காரம்மா உனக்கு என்ன பண்ணினாங்க?"

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் நர்ஸ் அறைக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டே போய், உன்னைத் தப்பா நினைச்சிட்டேம்மா என்று மன்னிப்புக் கேட்டார். அதை வாசலில் நின்று பார்த்தது அவளுக்கு எந்தத் திட்டையும்விட வலித்தது.

ஏழு மாதம் கழித்து அவர் போய்விட்டார். கடைசி வரைக்கும் அவளிடம் முகம் சுளிக்கவில்லை. ஆனால் அந்தப் படி ஜோக்கை மறுபடி ஒரு நாளும் சொல்லவில்லை.

சோதனை தொடர்ந்தது. தாளை மாற்றி அச்சடித்தார்கள். மூச்சுத் திணறலுக்குப் பல நாள் முன்பே வறட்டு இருமல் தொடங்கலாம், அன்றைக்கே தெரிவியுங்கள் என்று ஒரு வரி சேர்ந்தது. நர்ஸ் அதைக் காட்டியபோது அவள் நாலு தடவை படித்தாள். நல்லது நடந்திருக்கிறது என்று புத்திக்குத் தெரிந்தது. நெஞ்சுக்குள் எதுவும் இறங்கவில்லை.

தையல்காரம்மாவுக்கு வீக்கத்தை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து, மாத்திரையை நிறுத்தி, வேறு சிகிச்சைக்கு மாற்றியிருந்தார்கள். இன்னமும் தைத்துக்கொண்டிருக்கிறாள். மீட்டரக்காதான் அன்றைக்கு ஓடிப்போய்ச் சொல்லித் தன்னைக் காப்பாற்றினாள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். பார்த்தால் கையைப் பிடித்துக்கொள்வாள். அந்தக் கையை விடுவித்துக்கொண்டு ஏதாவது சாக்குச் சொல்லி நழுவுவதே மீட்டரக்காவுக்கு வழக்கமாகிவிட்டது. நர்ஸும் டாக்டரும் வெளியே மூச்சுவிட மாட்டார்கள், புருஷனும் இல்லை. இனி யாரும் சொல்லப்போவதில்லை. அதுதான் அவளைத் தின்றது.

ஒரு மத்தியானம் தையல்காரம்மா கடை இருக்கும் தெருவில் மீட்டர் எழுதி முடித்துவிட்டு, தையல் கடைக்குள் ஏறிப்போய் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லிவிட்டாள். அந்தத் தாளில் இருந்த 'திடீர்' தன்னால் வந்தது என்றாள். தையல்காரம்மாவின் கால் மெஷின் மிதியில் நின்றது. தைத்துக்கொண்டிருந்த துணியை ஊசியிலிருந்து எடுத்து மடித்து வைத்தாள்.

"இன்னைக்கு நீங்க போங்கக்கா," என்றாள். "நாளைக்கு வாங்க."

ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தவள் மறுநாள் போனாள். தையல்காரம்மா நூல் கோத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. ஸ்டூல் மேலிருந்த துணிகளை மட்டும் எடுத்துக் கீழே வைத்தாள்.