தரிசு உளுந்து

எங்கள் வயலில் மின்கோபுரத்துக்கு இடம் குறிக்க வந்த அன்று நான் பயந்ததுபோல, பிரசவத்துக்குப் போனபோதுகூடப் பயந்ததில்லை.

வலங்கைமானுக்குத் தெற்கே எங்களுக்கு இருப்பது ஒன்றரை ஏக்கர் நஞ்சை. வீட்டுக்காரர் கத்தாரில் வெயிலில் வெந்து சம்பாதித்து என் பெயரில் வாங்கியது. கோபுரம் அதன் நட்டநடுவில் வருகிறதாம். நஞ்சை என்றும் பயிர் நிற்கிறது என்றும் எழுதினால்தான் நஷ்டஈடு ஓரளவாவது நியாயமாக வரும், தரிசு என்று எழுதிவிட்டால் பேருக்கு ஏதோ கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று ஊரில் பேச்சு. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதிகாரி ஜீப்பில் வந்தார், கையில் பெரிய போன் மாதிரி ஒரு டேப். நிலம் என் பெயரில் இருந்தாலும் கேள்வியெல்லாம் என் கொழுந்தனிடம்தான். நான் வரப்பில் சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி நின்றேன்.

அப்போதுதான் சம்பா அறுத்திருந்தோம். எங்கள் பக்கம் அறுப்புக்கு முன்பே, நெல் நிற்கும்போதே, சேற்று ஈரத்தில் உளுந்தைத் தெளித்துவிடுவோம். உழவும் கிடையாது, தண்ணீரும் கிடையாது, பனியிலேயே வளர்ந்துவிடும். அதைத் தரிசு உளுந்து என்போம். முளைத்த புதிதில் அது அறுத்த நெல்லின் அடித்தாளுக்குள் ஒளிந்திருக்கும். ரோட்டிலிருந்து பார்த்தால் வெறும் தாள்தான் தெரியும்.

"என்ன போட்டிருக்கீங்க?" என்றார் அதிகாரி.

"தரிசு உளுந்துங்க" என்றான் கொழுந்தன்.

அதிகாரிக்கு முதல் சொல்லே போதுமானதாக இருந்தது. "தரிசு" என்று முணுமுணுத்துக்கொண்டே தட்டினார்.

"சார், தரிசு இல்லைங்க" என்றேன்.

"அவரே சொல்றாரேம்மா."

"அண்ணி, நான் உளுந்தத்தான் சொன்னேன்" என்றான் கொழுந்தன். அவன் முகம் வெளுத்துவிட்டது.

நான் வயலில் இறங்கி உட்கார்ந்து தாளை விலக்கிக் காட்டினேன். அதிகாரி ஷூவைப் பார்த்தார், வரப்பைப் பார்த்தார், இறங்கவில்லை. "களையா இருக்கும்மா" என்றார். களைக்கும் உளுந்துக்கும் வித்தியாசம் தெரியாத ஆளா என் நிலத்துக்கு விலை சொல்ல வந்திருக்கிறார் என்று சுறுக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவர் முறைத்துக்கொண்டு கிளம்பிவிட்டால் என்ன செய்வது என்ற பயம், கோபத்தை அப்படியே அமுக்கிவிட்டது. முளைத்த செடிகளை மண்ணோடு ஒரு கை பிடுங்கி எடுத்துப்போய் அவர் முன்னால் நீட்டினேன்.

"உளுந்துதாங்க இது. பங்குனில வந்து பாருங்க, காய் தொங்கும்."

அவர் ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு தரிசை அழித்துவிட்டு "நஞ்சை, உளுந்து" என்று அடித்து என்னிடம் காட்டினார். எழுத்துக் கூட்டி இரண்டு தரம் படித்தேன். விரல் மண்ணைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவர் காட்டிய இடத்தில் விரலாலேயே கையெழுத்துப் போட்டேன்.

ஜீப் கிளம்பியதும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். "தப்பிச்சோம் தம்பி" என்றேன்.

கொழுந்தன் கேட்டான்: "அண்ணி, தொகை எவ்வளவுன்னு போட்டிருந்தாங்க?"

உளுந்து என்ற சொல்லுக்குக் கீழே ஒரு கட்டம் இருந்தது. அது காலியாக இருந்தது. அதற்கும் கீழேதான் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.