தங்கையின் அளவு நோட்டு

1993 நவம்பர் 14, ஞாயிறு, காலை ஆறு மணி பத்து நிமிடம். முந்தின நாள் பிடித்த தூறல் விடவில்லை. ஆவடி குவார்ட்டர்ஸ் வீட்டில் என் தங்கை மறைந்தார். வயது நாற்பத்தாறு.

கொரட்டூரில் எங்கள் பெற்றோருக்கு ஐந்தாவதாகப் பிறந்தவர். மணமாகி, தொழிற்சாலை வெல்டரான கணவருடன் ஆவடிக்கு வந்தார். ஒரு சம்பளம் போதாமல் அக்கம்பக்கப் பெண்களுக்கு ரவிக்கை தைத்தார். மிஞ்சிய துணித்துண்டைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிடுவார். இரண்டு பெண்களையும் அந்தத் தையல்தான் படிக்க வைத்தது.

1990இல் மார்பில் புற்றுநோய். அறுவை சிகிச்சைக்குப் பின் தையல் பிரிக்க நான்தான் கூடப் போனேன். டாக்டரம்மாவிடம் தங்கை கேட்டார்:

"வந்தப்பறம் அறுக்கறீங்க. வராம இருக்க இன்னா வழிம்மா? எனக்கு ரெண்டும் பொண்ணு."

"தெரிஞ்சது கொஞ்சம்தாம்மா. புதுசா யோசிக்கறவங்க வேணும். உங்களுக்கு எதாவது தோணினா எழுதிக் கொண்டாங்க, படிக்கறேன்."

ஆறுதலுக்குச் சொன்னது என்று நினைத்தேன். தங்கை அப்படி நினைக்கவில்லை. அளவெடுக்க வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தார். எந்த வயதில் வயதுக்கு வந்தார்கள், எத்தனை மாதம் பால் கொடுத்தார்கள், தாய்வழியில் யாருக்காவது வந்ததா, நாளில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தே வேலை. பெயர் போடாமல் வரிசை எண் மட்டும் போட்டு, தன் அளவு நோட்டில் ரவிக்கை அளவுக்கு எதிர்ப்பக்கத்தில் குறித்தார். மொத்தம் நூற்றுப் பதினெட்டுப் பேர்.

டாக்டர் எழும்பூருக்கு மாறிப் போயிருந்தார். கணக்கைக் கூட்டி அவரிடம் சேர்க்கச் சொல்லி, 1993 ஜனவரியில் நோட்டை என்னிடம் தந்தார் தங்கை. கம்பெனி ஸ்டோரில் முப்பத்தொரு வருடம் சரக்கு எண்ணியவன் நான். ஆனால் ஊர்ப் பெண்களின் மார்பளவை ஓர் ஆண்பிள்ளை எப்படிப் படிப்பது? முதல் பக்கத்தோடு மூடினேன். பழுப்பு அட்டை போட்டு பீரோ மேல் வைத்தேன்.

"இன்னாண்ணே, எண்ணி முடிச்சியா?"

"எண்ணிகினே கீறேன்."

"ஊட்ல தீக்குச்சியக்கூட எண்ற ஆளு நீ! இதுக்கு இவ்ளோ நாளா?" சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

நோய் திரும்பி வந்து, அக்டோபரில் படுக்கையில் கிடந்தபடி மறுபடி கேட்டார். "குடுத்துட்டேன். டாக்டரம்மா படிச்சிகினு கீறாங்க" என்றேன். "அப்ப சரி" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு கேட்கவே இல்லை.

தங்கையின் இந்த நினைவு மலருக்குப் படம் தேடியபோது நோட்டு கையில் அகப்பட்டது. பத்து நாள் உட்கார்ந்து எண்ணினேன். வெட்கப்பட அதில் ஒரு வரியும் இல்லை. 117, 118 எண்களுக்கு நேரே மட்டும் "என் பொண்ணுங்க" என்றிருந்தது. பால் கொடுத்த மாதம் என்ற இடம் அவ்விரண்டிலும் காலி.

எழும்பூரில் டாக்டரம்மா ஒரு மணி நேரம் படித்தார். "விடை இதுல இல்லீங்க. ஆனா நாங்க கேக்காத மூணு கேள்வி இருக்கு. எங்க ஆராய்ச்சிக் கூட்டத்துல வைக்கறேன். அவங்களை அழைச்சிட்டு வாங்க, பேசணும்."

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

கடைசிவரை இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட அவர் கணவரான எங்கள் மாப்பிள்ளைக்கும், கஞ்சி கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், கூச்சம் விட்டுப் பதில் சொன்ன நூற்றுப் பதினாறு பெண்களுக்கும் எங்கள் நன்றி. உங்களில் யாருக்காவது இப்படியொரு கேள்வி தோன்றினால், அன்றைக்கே ஒரு மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கொரட்டூரிலிருந்து போய்வர ரயில், பஸ், நோட்டைப் பிரதி எடுத்தது, எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு இருபத்திரண்டு ரூபாய் ஐம்பது காசு.