ஆணியால் கீறிய கோடு

குணரத்தினம் அண்ணை சென்ற செவ்வாய்க்கிழமை மோர்னிங்சைட்டில், மகள் வீட்டில் காலமானார். என் கடையில் நான் மீன் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது மகள் தொலைபேசியில் சொன்னார். உடனே என் நினைவுக்கு வந்தது அவருடைய ரேடியோதான்.

உங்களில் பலருக்கு அவர் வருமானவரிப் படிவம் நிரப்பித் தந்தவர். எழுபத்தொன்றில், வங்கதேச விடுதலைப் போரின்போது, சிட்டகாங்கில் ஒரு சணல் ஆலையில் கணக்காளராக இருந்தார். போராளிகளின் வானொலியைக் கேட்பவர்களைப் பிடித்தால் இராணுவத்தினர் சுடுவார்கள். ஆலைத் தொழிலாளர்கள் அவருடைய அறையில், போர்வைக்குள் குந்தியிருந்து கேட்டார்களாம். எந்த இடத்தில் திருப்பவேண்டும் என்று தெரிய, ரேடியோவின் முகப்புப் பிளாஸ்டிக் தகட்டில் ஒருவன் ஆணியால் கோடு கீறிவிட்டான். பிறகு அவனைக் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை.

சென்ற ஆண்டு டாக்காவில் அந்தப் போருக்கு ஓர் அருங்காட்சியகம் திறந்து, மக்களிடமிருந்த பொருட்களைக் கேட்டார்கள். எனக்கு மீன் வருவது சிட்டகாங்கிலிருந்து. அண்ணை ரேடியோவுடன் கடைக்கு வந்தார்.

"தம்பி, உம்மட ஏஜன்ட் அங்கை போறாரெல்லோ, இதைக் குடுத்துவிடும்."

"உது பாடுமோ அண்ணை?"

"பாடினால் உம்மட்டை வித்துப்போட்டெல்லோ இருப்பன்!"

அழுக்கான சரக்கை அனுப்பி எனக்குப் பழக்கமில்லை. அவரிடம் சொல்லாமல், வோபர்னில் ரேடியோ திருத்தும் ஒருவரிடம் கொடுத்தேன். மினுக்கி, புதுத் தகடு போட்டுத் தந்தார். பாடவும் செய்தது. பெருமையோடு கொண்டுபோய் வைத்தேன்.

அண்ணை தகட்டை விரலால் தடவினார்.

"கோடு எங்கை, தம்பி?"

"கீறலெண்டு மாத்திப்போட்டன்."

"பழசு கிடக்குமோ?"

"எறிஞ்சிருப்பாங்கள் அண்ணை."

திருத்தியவருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டிருக்கலாம். என் பிழையை இன்னொரு கடைக்காரனிடம் ஒப்புக்கொள்ள வெட்கம்.

"கோடில்லாமல் அனுப்பினால், அவன் இருந்ததுக்கு ஆர் சாட்சி?" என்று சொல்லி, ரேடியோவை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். பிறகும் என்னோடு முன்போலவே பேசினார். என் வரிப் படிவத்தையும் நிரப்பித் தந்தார். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

செத்தவீட்டுக்கு மறுநாள், மகளிடம் கேட்டு ரேடியோவை எடுத்துக்கொண்டு வோபர்னுக்குப் போனேன். "அண்டைக்கே கேட்டிருந்தால் தந்திருப்பனே," என்று திருத்தியவர் மேசை லாச்சியை இழுத்துத் திறந்தார். பழைய தகடு ஆறு மாதமாக அங்கேதான் கிடந்திருக்கிறது. கோடு அப்படியே இருந்தது.

ரேடியோ இந்த மாதம் டாக்காவுக்குப் போகிறது. கழற்றிய புதுத் தகடு என் காசுப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அண்ணையின் நினைவாக நான் வைத்திருப்பது அதைத்தான். பழைய தகட்டைத் திரும்பப் பூட்டத் திருத்தியவர் பதினைந்து டொலர் கேட்டார். பேரம் பேசாமல் கொடுத்தேன்.