செடி வண்டிக்குப் பெரிய டயர்

போன செவ்வாய்க்கிழமை என் வண்டியை உக்கடத்தில் விட்டுவிட்டு, டவுன் பஸ் பிடித்துத் துடியலூர் வந்து சேர்ந்தேன். ஜன்னலோரம் சீட் கிடைத்தது. கண்டக்டர் டிக்கெட் கொடுத்தார். எல்லாரையும் போல நானும் சும்மா உட்கார்ந்து வந்தேன். ஸ்டியரிங் இல்லாமல் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் வண்டியைத் தெரியும். முன்னால் பார்த்தால் ஜீப், பின்னால் பார்த்தால் குட்டி லாரி. பழைய டீசல் பிக்கப். என் நர்சரியிலிருந்து கன்றுகளை ஏற்றிக்கொண்டு நானே ஓட்டிப்போவேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் கியர் மாற்றுவதைப் பார்க்க ஆரம்பத்தில் டீக்கடையே எழுந்து நிற்கும். அப்புறம் பழகிவிட்டது. 'செடி வண்டி போகுது' என்பதோடு சரி.

அந்தச் செடி வண்டி இப்போது இல்லை. அனுதாபக் கடிதம் எதுவும் போட வேண்டாம். நடந்ததை மட்டும் கேளுங்கள்.

ஒரு ஓட்டை வண்டிமேல் இவளுக்கு இத்தனை பாசமா என்று கேட்பீர்கள். சொல்கிறேன். வீடு மாமனார் பேரில். தோட்டம் கணவர் பேரில். டெலிபோன் கணவர் பேரில். கேஸ் கனெக்‌ஷனும் அவர் பேரில்தான்... அடுப்பைப் பற்ற வைப்பது மட்டும் நான்! நர்சரி போர்டில்கூட என் மகளின் பேரைத்தான் எழுதினோம். இந்த உலகத்தில் என் பேரில் இருந்த ஒரே பொருள் அந்த வண்டி. ஆர்.சி. புத்தகத்தில் என் பேரைப் பார்த்த அன்று, கல்யாணப் பத்திரிகையில் பார்த்தபோதுகூட வராத சந்தோஷம் வந்தது. மிகைப்படுத்தவில்லை.

என் கணவர் சண்முகம் மில்லில் சூப்பர்வைசர். நல்ல மனிதர். ஆனால் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வண்டிக்குப் பொட்டு வைக்கும்போது அதே பாட்டைப் பாடுவார். "இந்தக் காயலான் கடைச் சரக்கத் தள்ளிப்போட்டு புதுசு ஒண்ணு எடுக்கலாம் புள்ள. எம் பேர்ல லோன் உடனே தாராங்க."

'எம் பேர்ல' என்பது அவர் வாயில் சாதாரணமாகத்தான் வரும். எனக்குத்தான் சுருக்கென்று குத்தும். "பாக்கலாங்க" என்பேன். இந்த வண்டி ஓடுகிற வரைக்கும் அந்தப் பேச்சு எடுபடாது. ஆகவே இது ஓடியே ஆக வேண்டும் — அவ்வளவுதான் என் கணக்கு.

வினை இட்டேரியில் வந்தது.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ரோட்டிலிருந்து தோட்டத்துக்குப் போகிற மண் தடம்தான் இட்டேரி. இரண்டு பக்கமும் வேலி, நடுவில் ஒரு வண்டி போகிற அகலம். முன்பு மாட்டு வண்டி போன தடத்தில் இப்போது டிராக்டர் போகிறது. சக்கரம் ஓடுகிற இடம் பள்ளமாகி, நடுவில் மண் மேடு கட்டிவிட்டது. டிராக்டருக்கு உயரம் இருக்கிறது, தாண்டிப்போகிறது. என் வண்டிக்கு?

கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டம். வண்டி நிறையத் தேக்கங்கன்று. தேக்கு வைத்தால் பேரன் காலத்தில் கோடீஸ்வரன் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள் இல்லையா... இப்போது யாரைப் பார்த்தாலும் தேக்குதான். பாதி இட்டேரியில் என் வண்டி அந்த மேட்டின்மேல் வயிற்றை வைத்து உட்கார்ந்துகொண்டது. பின் சக்கரங்கள் சும்மா சுற்றுகின்றன, வண்டி அசையவில்லை. டிராக்டர் வந்து இழுப்பதற்குள் வெயிலில் கன்றெல்லாம் துவண்டு தலையைத் தொங்கப் போட்டுவிட்டது.

"அதனாலென்னுங்க அம்மணி. நட்டுத் தண்ணி உட்டா பொழச்சுக்கும்" என்றார் தோட்டக்காரர். இளநீர் வெட்டிக் கொடுத்தார். ரோடு வரைக்கும் கூடவே வந்து வழியனுப்பினார்.

அடுத்த தடவை கன்றுகளை வேறு நர்சரியில் வாங்கினார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பெரிய டயர் போட்டால் வண்டி உயரும். வண்டி உயர்ந்தால் மேடு இடிக்காது. இதற்கு இன்ஜினீயரிங் காலேஜ் போக வேண்டுமா? நேரே உக்கடம் போனேன். அங்கே ரஹீம் பாய் பழைய டயர் வியாபாரம். எனக்கு ரொம்ப நாள் பழக்கம்.

"இதவிடப் பெருசா, உயரமா வேணுங்க பாய்" என்றேன்.

பாய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். "மொதல்ல டீ சாப்புடுங்கக்கா" என்றார். குடித்தேன். "பாப்பா பத்தாவதுங்களாக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்லாப் படிக்குதுங்களா?" படிக்கிறாள். இன்னொரு டீ சொன்னார்.

"டயரச் சொல்லுங்க பாய்!"

"போடறதுக்கென்னுங்கக்கா, போடலாம். எதுக்கும் நடராஜ ஒரு வார்த்த கேட்டுக்குங்க."

நடராஜ் எங்கள் துடியலூர் மெக்கானிக். அவரிடம் போனேன். தலையைச் சொறிந்தார். "பாய் என்னங்க்கா சொன்னாரு?"

"போடலாம்னாரு."

"அப்பறமென்னுங்க. பாத்துப் பண்ணிக்கலாங்க்கா."

இதைவிட என்ன உத்தரவாதம் வேண்டும்? பண்ணிக்கொண்டோம்.

டயர் மாட்டியதும் வண்டியைப் பார்க்க வேண்டுமே! முதல் தடவை ஹை ஹீல்ஸ் போட்ட காலேஜ் பெண்ணைப்போல நிமிர்ந்து நின்றது. ஏறி உட்கார்ந்தால் பஸ்ஸில் போகிறவர்களின் முகம் நேராகத் தெரிகிறது. மறுநாளே அந்தக் கருமத்தம்பட்டித் தோட்டத்துக்கு, கூப்பிடாமலேயே, ஓட்டிக்கொண்டு போனேன். அதே இட்டேரி. அதே மேடு. வயிற்றில் ஒரு உரசல் இல்லை! தனியாக உட்கார்ந்து ஹாரனை அழுத்தோ அழுத்தென்று அழுத்தினேன். தோட்டக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்.

"இனி கன்று எங்கிட்டத்தான் வாங்கோணும்" என்றேன். வாங்கினார்.

பெரிய டயர் போட்டது தப்பு என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். அந்த மழைக்காலம் முழுக்க என் வண்டி போகாத இட்டேரி இல்லை. மற்ற நர்சரிக்காரர்கள் ரோட்டிலேயே நிறுத்தி, ஆள் வைத்துக் கன்று சுமந்துகொண்டிருந்தார்கள். நான் கிணற்றடி வரைக்கும் போய் இறக்கினேன்.

ஆனால் வண்டி முனக ஆரம்பித்தது.

முழுசாகத் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசும். "கொஞ்சூண்டு வெட்டிப்போடலாங்க்கா" என்றார் நடராஜ். வெட்டினார். லோடு ஏற்றினால் மறுபடி உரசியது. ஸ்பிரிங்கில் பட்டை கூட்டினார். வண்டி இன்னும் உயர்ந்தது. அதனால் அடியில் ஓடுகிற ஷாஃப்ட் கோணல் மாணலாகி உதறியது. லேத்துக்குப் போனோம். கோயமுத்தூரில் லேத் இல்லாத தெரு ஏது? கடைந்து கொடுத்தார்கள். ஏற்றத்தில் மூன்றாவது கியரில் பறந்த வண்டி இரண்டாவதிலேயே மூச்சு வாங்கியது. பிரேக்கை முன்கூட்டியே யோசித்து மிதிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் "செஞ்சுபோடலாங்க்கா" என்றார் நடராஜ். ஒவ்வொரு தடவையும் செய்தும்போட்டார்.

"ஏம்புள்ள, வண்டிக்குத் தகுந்த மாதிரி டயர மாத்தறதா, டயருக்குத் தகுந்த மாதிரி வண்டிய மாத்தறதா?" என்று கேட்டார் கணவர்.

நியாயமான கேள்விகளை நான் பொதுவாகக் கண்டுகொள்வதில்லை.

கடைசியில் சேஸிஸில் விரிசல் விட்டது. சேஸிஸ் என்பது வண்டியின் முதுகெலும்பு. எஞ்சின், சக்கரம், பாரம் எல்லாம் அதன் மேல்தான். பின் ஸ்பிரிங் மாட்டியிருந்த இடத்தில் விரிசல். வெல்டிங் வைத்தோம். பக்கத்தில் விட்டது. அங்கேயும் வைத்தோம்.

இந்தக் கோலத்தில் எஃப்.சி. வந்தது. வண்டி ரோட்டில் ஓட லாயக்கா என்று பார்த்துக் கையெழுத்துப் போடும் அந்தச் சடங்குதான். பார்க்க வந்த இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர், தெற்கத்திக்காரர். சுற்றி வந்தார். "இது எந்த வண்டிம்மா?" என்றார். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற வண்டிதான் என்றேன். "பழைய டயரை மாட்டிட்டு வாங்க" என்றார்.

மாட்டிக்கொண்டு போனேன். இந்தத் தடவை ஒரு சுத்தியலை வைத்து அடியில் தட்டினார்.

"இல்லம்மா. முடியாது."

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. "வெல்டிங்க இன்னும் கெட்டியா வெச்சுட்டு வாரேங்க."

"முடியாதும்மா."

"சேஸிஸையே மாத்திப்போட்டா?"

"மாத்தினா அது வேற வண்டிம்மா. ஆர்.சி. புத்தகத்துல இருக்கிற நம்பரே அதுலதான அடிச்சிருக்கு" என்றார். அப்புறம் கொஞ்சம் தணிந்த குரலில், "லோடோட போகும்போது ஒடிஞ்சா நீங்களும் போயிருவீங்க, எதிர்ல வாரவனும் போயிருவான். சந்தேகமா இருந்தா நீங்களே பாருங்க."

பார்த்தேன். ஒரு சாக்கை விரித்து, சேலையோடு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். வெல்டிங் வைத்த இடங்களையெல்லாம் தாண்டி விரிசல் ஓடியிருந்தது. என் சுண்டுவிரல் நுனி உள்ளே போனது. இதன் மேல் உட்கார்ந்துகொண்டா நான் ஹாரன் அடித்தேன்? வண்டிக்கு அடியில் ஒரு வசதி உண்டு. அழுதால் யாருக்கும் தெரியாது. அழுது முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

திரும்பும் வழியில் நடராஜைப் பிடித்தேன். "ஆகாதுன்னு அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"பாத்துப் பண்ணிக்கலாம்னு சொன்னனுங்களேக்கா" என்றார் பரிதாபமாக. "ஆகும்னு எப்பங்க சொன்னேன்?"

ரஹீம் பாய் இன்னும் ஒரு படி மேலே போனார். "ரெண்டாவது டீ சொன்னனேங்கக்கா! வேண்டாம்னு இதுக்கு மேல எப்படிங்க சொல்றது?"

கோபம் வந்தது. ஆனால் யார் மேல் கோபப்பட? எங்கள் ஊரில் 'முடியாது' என்பதை யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. கேட்டவர் மனசு நோகுமே! அதற்குப் பதில் டீ வரும், இளநீர் வரும், பாப்பாவின் படிப்பு வரும், 'பாக்கலாங்க' வரும். நானும் லேசுப்பட்டவள் இல்லை. கைவசம் இல்லாத கன்றைக் கேட்டால் 'அடுத்த வாரம் வாங்க, பாக்கலாங்க' என்றுதான் அனுப்புவேன். இந்த மரியாதைக்கு எங்கள் ஜில்லா பேர் போனது. வெளியூர்க்காரர்கள் புகழ்ந்து தள்ளுகிறார்கள். அவர்கள் யாரும் இங்கே வந்து டயர் மாற்றியதில்லை போலிருக்கிறது. எனக்கு ஒரே ஒரு 'முடியாது' தேவைப்பட்டது. அதைச் சொல்ல ஒருவர் தெற்கேயிருந்து டிரான்ஸ்ஃபரில் வர வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை நானே ஓட்டிக்கொண்டு உக்கடம் போனேன். வேறு யாரும் ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டேன். வண்டி உடைக்கிற கடைக்காரர் மனிதாபிமானம் உள்ளவர். "ஞாபகத்துக்கு ஹாரன் கீரன் ஏதாச்சும் கழட்டித் தரட்டுங்களா?" என்றார். வேண்டாம் என்றேன். துண்டு துண்டாக வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பானெட்டை ஒரு தடவை தடவிக் கொடுத்தேன், சூடாக இருந்தது. எங்கே கிளம்பினாலும் 'வாரேன்' என்று சொல்லிக் கிளம்புவது எங்கள் வழக்கம். வாய் வரைக்கும் வந்தது. சொல்லாமல் திரும்பி நடந்தேன். பஸ் ஸ்டாண்ட் வரை திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் கணவர் மில்லிலிருந்து பக்கோடாப் பொட்டலத்தோடு வந்தார். என் முகத்தைப் பார்த்தார். பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"உடு புள்ள. அது காலம் முடிஞ்சுபோச்சு. புது வண்டிக்கு நாளைக்கே சொல்லிப்போடறேன். எம் பேர்ல லோன்—"

"முடியாதுங்க."

பக்கோடா எடுக்கப்போன கை அப்படியே நின்றது. கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் 'பாக்கலாங்க' மட்டுமே கேட்டுப் பழகிய மனிதர்.

"என்ன முடியாது?"

"உங்க பேர்ல முடியாதுங்க. வண்டி எம் பேர்லதான். லோனும் எம் பேர்லதான். பேங்க்ல நானே பேசிக்கறேன். ஜாமீன் கையெழுத்து மட்டும் நீங்க போடுங்க."

"தரமாட்டேன்னுட்டாங்கன்னா?"

"அடுத்த பேங்க். அவங்களும் தரலீன்னா அதுக்கு அடுத்தது. ஊர்ல பேங்குக்கா பஞ்சம்?"

ஒரு பக்கோடாவை எடுத்து வாயில் போட்டு மென்றார். சண்டை வரும் என்று நான் இடுப்பில் கை வைத்துத் தயாராக நின்றேன். வரவில்லை.

"செரி, உம் பேர்லயே எடு" என்றார். கை கழுவ எழுந்து போனவர், கதவருகே நின்று திரும்பினார். "டயரு மட்டும் கம்பெனி போட்டு உடறதே இருக்கட்டும் புள்ள."

வண்டி யார் பேரில் இருக்கிறதோ, டயரும் அவர் இஷ்டம்தானே?