சுடாத மணல்

சித்திரை மாத வெயிலில், கிளிஞ்சல்மேட்டுக் கடற்கரை மணலில் வெறுங்காலை வைத்துப் பாருங்கள், தெரியும் சேதி! கருவாடு காயப்போடும் பெண்கள் "ஐயோ அம்மா" என்று துள்ளி ஓடுவார்கள். கனகம் மட்டும் கல்யாணப் பந்தலில் நடப்பவள்போல நிதானமாக நடந்து மீனைத் திருப்பிப் போடுவாள். "இது கடலம்மா குடுத்த காலுடி" என்று பீற்றிக்கொள்வாள் வேறு. பாவி மகள், காலுக்குள் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

எழுபத்தெட்டாம் வருஷம் ஒருநாள், கூட வேலை பார்த்த மாரியம்மாள் அலறினாள். "யக்கா, மணலெல்லாம் ரத்தம்! உன் காலுலேருந்துதான் வருது!"

பாதத்தைத் திருப்பினால் தூண்டில் முள் ஒன்று முழுசாக ஏறியிருந்தது. எப்போது ஏறியதோ! கனகத்துக்குச் சுரீர் என்றுகூட இல்லை.

மாரியம்மாள்தான் காரைக்கால் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சிறுநீரைச் சோதித்த டாக்டரம்மா சர்க்கரை வியாதி என்றார். தீராத தாகம், அடிக்கடி ஒன்றுக்குப் போவது, உடம்பு இளைத்து ரவிக்கை தொளதொளத்தது, எல்லாவற்றுக்கும் வெயில்மேல் பழி போட்டு வைத்திருந்தாள் கனகம்.

"வலிக்கலைன்னு சந்தோஷப்படாதீங்கம்மா. சர்க்கரை ஏறி ஏறி நரம்பு மரத்துப்போச்சு. புண்ணு வந்தாலும் தெரியாது, லேசுல ஆறாது. மாத்திரைய விடாதீங்க, சோத்தக் கொறைங்க. செருப்பு இல்லாம நடக்கவே கூடாது. புண்ணு முத்துனா காலையே எடுக்க வேண்டியிருக்கும்."

மற்றதையெல்லாம் புருஷன் நீலமேகத்திடம் சொன்ன கனகம், செருப்புப் பேச்சை மட்டும் முழுங்கிவிட்டாள். கட்டுமரம் கிடக்கும் இடத்தில் யாரும் செருப்போடு நடக்க மாட்டார்கள். கடல் அவர்களுக்குத் தாய். அதிலும் நீலமேகம் பொல்லாத ஆள். செருப்போடு வந்த மீன் வியாபாரி ஒருவரின் செருப்பைப் பிடுங்கி அலையில் வீசியவன். அவனிடம் போய் எப்படிக் கேட்பது?

அப்பேர்ப்பட்டவன்தான் புண் ஆறும்வரை அவள் பாதத்தை மடியில் வைத்து மருந்து போட்டான். தனக்காகக் கஞ்சி காய்ச்சத் தெரியாதவன் அவளுக்காகக் கேழ்வரகு கிண்டினான், கட்டி கட்டியாக. கனகம் சிரித்துக்கொண்டே தின்றாள்.

புண் ஆறியதும் மறுபடி வெறுங்காலோடு மணலில் இறங்கினாள். மாரியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. டாக்டர் சொன்னதை நீலமேகத்திடம் போட்டு உடைத்தாள். அவன் உடனே டவுனுக்குப் பஸ் ஏறினான்.

மத்தியானம் கரை நிறைய ஆட்கள். அத்தனை பேருக்கும் நடுவே நீலமேகம் கையில் புதுச் செருப்போடு வந்தான். கனகத்துக்கு உயிரே போய்விட்டது.

"வேணாங்க. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். ஒக்காரு புள்ள."

மண்டி போட்டு, தோளில் கிடந்த துண்டால் அவள் பாதத்து மணலைத் தட்டி, செருப்பை ஒவ்வொன்றாக மாட்டினான்.

வலை பின்னிக்கொண்டிருந்த அம்பலவாணனுக்குத் தாங்கவில்லை. "என்ன நீலமேகம், நீயே இப்படிப் பண்ணலாமா?"

"கடலம்மா கோவிச்சுக்கிட்டா என்னைக் கோவிச்சுக்கட்டும்ணே," என்றான் நீலமேகம். "எனக்கு இவ நடக்கணும்."

கனகம் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நடந்தாள்.