மூன்றாவது துளை

கல்லூரியின் இணையதளத்தில் இப்படி இருக்கிறது: "திருமதி அசீனா, துறைத்தலைவர், பொறியியல் அறிமுகத் துறை. நவீன ஆய்வகத்தின் பொறுப்பாளர். தொழில்துறையில் நீண்ட அனுபவம் கொண்டவர்."

திருமதி என்பதிலேயே தகராறு ஆரம்பிக்கிறது. அசீனாவுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. துறையில் அவளைத் தவிர வேறு ஆள் கிடையாது என்பதால் தலைமை தாங்குவதில் சிரமம் இருக்கவில்லை. நவீன ஆய்வகம் என்பது ஜவுளிக்கடைப் பெயர் போட்ட ஒரு கட்டைப்பை. உள்ளே அயர்ன்பாக்ஸ், குக்கர் மூடி, குடை, ஓட்டை விழுந்த மிக்சி ஜார். நீண்ட அனுபவம், ராஜபாளையத்து மில் ஒன்றில் பயிற்சிக்குப் போனது. அங்கே ஆள் குறைத்தபோது முதலில் குறைந்தவள் அவள்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே, செண்பகத்தோப்புப் பக்கம் மலை பார்த்து நிற்கிற கலைக் கல்லூரி அது. பி.காமும் தமிழும் வரலாறும் படிக்கிற பெண்களுக்கு, வீட்டுச் சாமான்களைக் காட்டிப் பொறியியலை அறிமுகப்படுத்த ஒரு தாள் வைத்திருந்தார்கள். அதன் மார்க் எதிலும் சேராது. அதனாலேயே பிள்ளைகள் அதை ஆசையாகப் படித்தார்கள். பள்ளிக்கூடத்தில் இயற்பியலைக் கண்டு நடுங்கியவர்கள், குக்கர் ஏன் விசில் அடிக்கிறது என்பதற்கு அசீனாவிடம் சண்டை போட்டார்கள். நல்ல டீச்சர்தான். இந்தக் கதைக்கு அது எந்த விதத்திலும் உதவவில்லை.

ஒருநாள் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். "உங்க வீட்டு கிரைண்டர் ஷாக் அடிக்குமா?"

செட்டியார்பட்டியிலிருந்து பஸ் மாறி வருகிற வெங்கடேஸ்வரி எழுந்தாள். "ஷாக்கெல்லாம் அடிக்காது மேடம். லேசாக் கிள்ளும். எங்கம்மா பலகையைப் போட்டு அதுமேல நின்னுதான் அரைப்பாக."

"பலகை இல்லாதப்போ கிள்ளுனா?"

"கிரைண்டரை வைவாக."

வகுப்பு சிரித்தது. "எங்க வீட்டுல அடுப்படிக்குள்ள செருப்பு போட்டா தோலை உரிப்பாக மேடம். மாவாட்டும்போது மட்டும் ஒண்ணும் சொல்ல மாட்டாக" என்றாள் பக்கத்தில் இருந்த கார்த்திகா.

அசீனா கரும்பலகையில் ஒரு பிளக் பாயிண்டை வரைந்தாள். மேலே பெரிய துளை, கீழே இரண்டு சின்னத் துளை. பெரிய துளையிலிருந்து ஓர் அம்புக்குறி இழுத்து, கீழே கொண்டுவந்து, 'பூமி' என்று எழுதினாள். "கிரைண்டர் உடம்புல கசியுற கரண்ட், உங்க அம்மா வழியாப் போகாம இது வழியா பூமிக்குப் போயிரும். அதுக்குத்தான் மூணாவது பின்."

"அப்போ பலகை வேண்டாமா மேடம்?"

"மூணு பின் பிளக்கை மாட்டுங்க. பொறவு பலகையை எடுத்து அடுப்புல வையுங்க."

அதற்கும் சிரித்தார்கள்.

படத்தில் தப்பில்லை. பரீட்சையில் முழு மார்க் விழும். அசீனா படித்த கட்டடங்களில் எல்லாத் துளைக்கும் பின்னால் வயர் இருந்தது. ஆகவே அவளுடைய பாடம் சுவரோடு நின்றுகொண்டது.

சொன்னதைச் செய்கிற பிள்ளை வெங்கடேஸ்வரி. அப்பா இல்லாத வீடு. பட்டாளத்தில் இருக்கும் தாய்மாமா வல்லரசு லீவில் வந்திருந்தான். அவனை அரித்தெடுத்து, மூணு துளைப் பாயிண்டும் மூணு பின் பிளக்கும் வாங்க வைத்தாள். பழைய பாயிண்டைக் கழற்றியவன் தயங்கினான்.

"ரெண்டு வயருதான் வருது தாயி. மூணாவதுக்கு ஒண்ணும் இல்லையே?"

"துளை இருக்குல்ல மாமா. அதுலேருந்தே பூமிக்குப் போயிரும்."

மூடித் திருகினான். அவள் பலகையை எடுத்து விறகோடு போட்டாள். அடுத்த முறை மாவு அரைக்கும்போது, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்ற அவள் அம்மா சீனியம்மாள் செத்துப்போனாள்.

கிரைண்டர் கிள்ளுகிறது என்று நம்பியவரைக்கும் அவள் உயிரோடு இருந்தாள். மின்சாரம் என்று மகள் விளக்கிய பிறகு இல்லை.

போலீஸ் விபத்து என்றது. ஊர் அப்படிச் சொல்லவில்லை. படிக்கப் போய் ஆத்தாளைக் கொன்னுட்டா என்றது.

கருமாதிக்குப் போய்வந்த கார்த்திகா, அசீனாவைத் தனியாகக் கூப்பிட்டாள். "பலகையை எடுக்கச் சொன்னது யாருன்னு அவிய மாமா அடிச்சுக் கேட்டாக மேடம். 'நானாத்தான் எடுத்தேன்'னுட்டா. உங்க பேரைச் சொல்லல. தெனமும் அடிதான். சோறுகூட ஒழுங்காப் போடல."

கல்லூரி முதல்வர் கிருபாபாய் இரக்கமுள்ளவர். அசீனா நடந்ததைச் சொன்னதும் கண் கலங்கினார். கலங்கியபடியே சொன்னார். "நீ அங்க போய் எதையாவது உளறி வைக்காதேம்மா. பிள்ளையே வாயைத் திறக்கல. கர்த்தர் கிருபை. ஓர் அஞ்சலிக் கூட்டம் போட்டுருவோம்."

தான் தப்பாக எதுவும் சொல்லவில்லை என்று அசீனா தனக்கு நிரூபித்துப் பார்த்தாள். நிரூபணம் அருமையாக வந்தது. பூமிக்கு வயர் இருந்தால் பலகை தேவையில்லைதான். 'இருந்தால்' என்பதை மட்டும் அன்றைக்குச் சொல்லவில்லை.

ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

வல்லரசு வாசலிலேயே மறித்தான். "காலேஜா? சர்டிபிகேட் வாங்க நாங்களே வாரோம். இனி அவ படிக்க மாட்டா."

உள்ளே தூணோரம் வெங்கடேஸ்வரி நின்றாள். கன்னம் கன்றியிருந்தது. அசீனாவைப் பார்த்ததும், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"பலகையை எடுக்கச் சொன்னது நான்" என்றாள் அசீனா. "வகுப்புல வச்சுச் சொன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன்."

துக்கத்துக்கு வந்து உட்கார்ந்திருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்போ இவ ஏன் சொல்லல?" என்றான் வல்லரசு.

"என்னைக் காப்பாத்த."

மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பாயிண்டைக் கழற்றிக் காட்டினாள். "இந்த மேல் துளைக்கு மண்ணுலேருந்து வயர் வரணும். வரலைன்னா இது வெறும் ஓட்டை. அதை நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கல."

வல்லரசு அந்த ஓட்டையைப் பார்த்தான். "மாட்டுனவன் நாந்தானே" என்றான், யாரிடமும் இல்லாமல். பிறகு சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். பெண்களில் ஒருத்தி எழுந்துவந்து அசீனாவின் முகத்தில் துப்பினாள். "எங்க ஆளை முழுங்கிட்டு வெளக்கம் வேற சொல்லுதியா? போடி வெளியே!"

வெங்கடேஸ்வரி கல்லூரிக்குத் திரும்பவில்லை. அடி நின்றுவிட்டதாகக் கார்த்திகா சொன்னாள். அடுத்த வருஷம் அந்தத் தாளும் இல்லை, அசீனாவுக்கு வேலையும் இல்லை.

அன்றைக்கு யாரும் கேட்காமலே அசீனா அந்த வீட்டுக்குப் போய், அந்தப் பெண்மீது கிடந்த பழியைத் தன்மீது போட்டுக்கொண்டாள்.