திரிந்த பால் சவுக்காரம்

விழுப்புரத்தில் எனக்கு அந்தப் பெயர் ஒரே சாயங்காலத்தில் வந்தது. அதை எனக்கு வைத்தவனை நான் மன்னிக்கவில்லை. இத்தனை வயதுக்குப் பிறகும் மன்னிக்கிற எண்ணம் இல்லை.

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தைய வருஷங்கள். பெருமுக்கல் பக்கம் எங்களுக்கு மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடும் நிலம் கொஞ்சம் இருந்தது. அண்ணன்மார் அதைப் பார்த்துக்கொண்டார்கள். நான் புதுச்சேரியில் ஒரு சவுக்காரப் பட்டறைக்கு ஏஜெண்டாகச் சேர்ந்து சைக்கிளில் கிளம்பிவிட்டேன். பின்னால் தகரப்பெட்டி, பெட்டி நிறைய மஞ்சள் பார் சோப்பு. விழுப்புரமும் திண்டிவனமும் விற்பனைக்குப் பட்டறை எனக்கு ஒதுக்கிவிட்ட ஊர்கள். எங்கள் ஊர்க் குளத்துத் தண்ணீரில் அந்தச் சோப்பை இரண்டு இழுப்பு இழுத்தால் முழங்கை வரை நுரை ஏறும். அதனால் நான் விற்பது நல்ல சரக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

விழுப்புரத்தில் நான் சுற்றிய தெருக்களுக்குக் குழாய் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கிணற்றடிக்குப் போகவேண்டாம் என்று முதலில் எல்லாருக்கும் சந்தோஷம். பிறகுதான் தண்ணீரின் குணம் தெரிந்தது. வீடு வீடாக ஏறி இறங்குகிறவன் கண்ணுக்கு எல்லாம் படும். செம்புத் தவலைக்குள் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளைப் படலம். வெந்நீர்ப் பானையின் அடியில் சுரண்டினாலும் போகாத ஓடு. துவரம்பருப்பு காலையிலிருந்து கொதித்தும் முழித்துக்கொண்டு கிடக்கும். வேட்டிகள் துவைக்கத் துவைக்கப் பழுப்பேறின. பெண்களின் தலைமயிர் நார்போல் விறைத்து நின்றது. பெண்களுக்குக் குழாயின்மேல் கோபம். வீட்டு ஆண்களுக்கோ பெண்களின் கைமேல் கோபம். என் சோப்பு நுரைக்கவில்லை என்று சிலர் சொல்லியும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வேறொரு கம்பெனியின் ஏஜெண்ட் ஊருக்குள் வந்தான். என்னைவிட நன்றாக மூத்தவன். நான் அவனை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிட்டேன். இப்போது அவன் இவன் என்று எழுதுவது வேண்டுமென்றேதான். பட்டு ஜிப்பா, வெற்றிலைச் சிவப்பு உதடு, கூட்டத்தைக் கூட்டுகிற குரல்.

“தம்பி, நமக்குள்ள இன்னாத்துக்குப் போட்டி? சந்தை அன்னிக்கு ரெண்டு பேரும் ஜனங்க முன்னாடி தொவச்சிக் காட்டுவோம். எது நல்ல சரக்குன்னு அவங்களே சொல்லட்டும்” என்றான்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒப்புக்கொண்டேன்.

ஜவுளிக்கடை வாசலில் இரண்டு வாளி வைத்திருந்தான். இரண்டிலும் அதே தெருக்குழாய்த் தண்ணீர் என்று கூட்டத்திடம் சொன்னான். அவன் சோப்பு பஞ்சுப்பொதியாக நுரைத்தது. என் சோப்பு வாளிக்குள் போனதும் சாம்பல் நிறத்தில் கட்டிகட்டியாகப் பிரிந்து துணியிலும் என் விரல்களிலும் பிசுக்காக ஒட்டியது. தேய்க்கத் தேய்க்க மோசமாயிற்று. அவன் என் கையைப் பிடித்துக் கூட்டத்துக்கு உயர்த்திக் காட்டினான்.

“பாருங்கம்மா, திரிஞ்ச பாலு! இவுரு சவுக்காரம் விக்கல, தயிர்க்காரரு!”

சொல்லிவிட்டு அந்தப் பிசுக்கை வழித்து என் சட்டையிலேயே தடவினான். கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. அதற்குப் பிறகு நான் எந்தத் தெருவில் சைக்கிள் மணி அடித்தாலும் “திரிஞ்ச பாலு வந்துக்கினு கீது” என்ற குரல்தான் முதலில் வரும். அவன் பெட்டிகள் காலியாயின. எங்கள் பட்டறை முதலாளி விழுப்புரத்தை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்.

பெட்டியில் மீந்த சோப்புகளை எடுத்துப்போகக் கடைசியாக ஊருக்குள் போனபோது, இட்லி சுட்டு விற்கும் ஒரு அம்மாள் என்னைக் கூப்பிட்டாள். அவளுக்கு நான் கடனுக்கு ஒரு சோப்பு விற்றிருந்தேன்.

“உன் சவுக்காரத்துமேல குத்தமில்லப்பா. பருப்பு வேகணும்னு நான் அண்டாவுல மழத்தண்ணி புடிச்சி வெச்சிருக்கேன். சந்தைக்கு மொத நாளு அந்த ஜிப்பாக்காரன் வந்து, சம்சாரத்துக்கு ஒடம்பு சரியில்ல, தலைக்கு ஊத்தணும்னு கெஞ்சி ஒரு கொடம் வாங்கிக்கினு போனான். அவன் கூட சம்சாரமும் வர்ல, ஒண்ணும் வர்ல. அது அவன் வாளிக்குத்தான் போச்சி.”

அவள் சொல்லி முடிக்கும்போது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அழுகை வரவில்லை. அவனை அடிக்கவேண்டும் என்றும் தோன்றவில்லை. ஈரக் கையோடு, கூட்டத்துக்கு நடுவில், அவன் முழிக்கவேண்டும். அதை நான் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

திண்டிவனத்தில் என் அக்காவைக் கொடுத்திருந்தது. அவள் தெருவிலும் அதே மாதிரி கரிக்கிற குழாய்த் தண்ணீர்தான். நான் போனபோது, துவைகல்மேல் அவன் சோப்பு பாதி கரைந்து கிடந்தது. அங்கேயும் அவன் வித்தை காட்டியிருக்கிறான்.

“இன்னா தேச்சும் நுரையே வர்லடா. அந்த ஆளுகிட்டப் போயி கேட்டா, ‘உங்க கையில வலு இல்லம்மா, இன்னும் ரெண்டு கட்டி வாங்கி நல்லா தேயுங்க’ன்றான். உங்க மாமா வேற, வேட்டியத் தூக்கி மூஞ்சில அடிக்கிறாரு. ஒரே பேஜாரு” என்றாள் அக்கா.

மழைத்தண்ணீர் கதையைச் சொன்னேன். அக்கா துவைகல்மேல் கிடந்த சோப்பை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, “அடுத்த சந்தைக்கு வருவான் இல்ல? வரட்டும்” என்றாள். அன்றைக்கே தெருவில் அவனிடம் சோப்பு வாங்கி ஏமாந்த பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்துவரக் கிளம்பிவிட்டாள்.

அவன் வந்தான். மூடிபோட்ட குடம் ஒன்று மாட்டுவண்டியில் அவன் கூடவே வந்திருந்தது. கூட்டம் சேர்ந்து, அவன் அந்தக் குடத்தை வாளியில் சாய்க்கப்போன நேரத்தில் அக்கா இடுப்புக் குடத்தோடு முன்னால் வந்தாள். பின்னாலேயே தெருப் பெண்களும் வந்தார்கள்.

“அதெல்லாம் வேணாங்க. தண்ணி நாங்க கொண்டாந்திருக்கோம். எங்க வூட்டுக் கொழாத்தண்ணி. இதுல தொவச்சிக் காட்டுங்க.”

“எல்லாம் ஒரே தண்ணிதாம்மா” என்று அவன் சிரித்தான்.

“அப்ப இதுலயே தொவையுங்க. ஜல்தி ஆவட்டும், அடுப்புல வேலை கீது.”

அவன் சுற்றிலும் பார்த்தான். கூட்டத்தில் நான் நிற்பது அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது. முகம் மாறிய விதத்தை நான் இன்றைக்கும் நினைத்துப் பார்த்துக்கொள்வதுண்டு. தப்ப வழியில்லாமல் உட்கார்ந்து தேய்த்தான். அதே சாம்பல் கட்டிகள். அதே பிசுக்கு. “கையில வலு இல்லீங்களா?” என்று ஒருத்தி கேட்டாள். “இன்னும் ரெண்டு கட்டி போட்டுத் தேயுங்க” என்றாள் இன்னொருத்தி. அவன் நெற்றி வியர்வை வாளிக்குள் சொட்டியது.

அதோடு விட்டிருக்கலாம். விட மனம் வரவில்லை. நான் முன்னால் போய், “அண்ணே, கந்தைத் துணியில தொவச்சா எப்படித் தெரியும்? உங்க ஜிப்பாவப் போட்டுக் காட்டுங்க” என்றேன். கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. ஜிப்பா, ஜிப்பா என்று ஒரே கூச்சல். கடைசியில் அவனே கழற்றினான். அந்தத் தண்ணீரில் முக்கி எடுத்தபோது பட்டின் மினுமினுப்பெல்லாம் போய், சொறி பிடித்ததுபோல் திட்டுத்திட்டாக அப்பியிருந்தது. பனியனோடு, ஈர ஜிப்பாவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அவன் பஸ் நிற்கும் இடம் வரை நடந்தான். நானும் பின்னாலேயே போனேன்.

பஸ் ஏறும் முன் திரும்பி, “சந்தோஷமா? நாளைக்கு உன் சோப்பையும் இதே தண்ணியிலதான் தொவைக்கச் சொல்லுவாங்க. அப்ப இன்னா பண்ணுவ?” என்றான்.

“ஒண்ணும் பண்ணமாட்டேன். நீ நாசமாப் போனா போதும்” என்றேன்.

அவன் சொன்னதுதான் நடந்தது. திண்டிவனத்தில் ஒருத்தியும் என்னிடம் சோப்பு வாங்கவில்லை. அக்காவே வாங்கவில்லை. பட்டறை வேலையை விட்டுவிட்டேன். திண்டிவனத்துக் கடைத்தெருவிலேயே ஒரு சின்ன இடம் பிடித்துச் சீயக்காயும், வண்ணார் துவைக்கிற உவர்மண்ணும் விற்கத் தொடங்கினேன். அந்தத் தண்ணீருக்கு அவைதான் கொஞ்சமாவது ஒத்துவந்தன. மழை பெய்தால் என் கூரைத் தண்ணீரைப் பிடித்து அக்கா வீட்டுக்குக் கொடுத்தனுப்புவேன். மாமாவின் வேட்டி ஓரளவு வெளுத்தது. அவளுக்கு வீட்டில் வசவும் குறைந்தது.

சண்டை நடந்த காலத்தில் சோப்பு கண்ணில் காணக் கிடைக்கவில்லை. ஏஜெண்டுகள் எல்லாம் எங்கெங்கோ போனார்கள். ஒரு மத்தியானம் கடை வாசலில் ஒரு ஆள் வந்து நின்றான். மெலிந்து, மயிர் கொட்டி, முரட்டு மல் சட்டையில் இருந்தான். குரலைக் கேட்டுத்தான் அடையாளம் தெரிந்தது.

“தம்பி, சீயக்கா கொஞ்சம் வேணும். வூட்ல பொண்ணுக்குத் தலையெல்லாம் புண்ணாப் போச்சி. இந்தத் தண்ணி ஒத்துக்கல.”

என் முழங்காலுக்குப் பக்கத்தில் சீயக்காய் மூட்டை வாய் திறந்து கிடந்தது. அதன் வாசனை எங்கள் இரண்டு பேர் மூக்கிலும் ஏறிக்கொண்டிருந்தது.

“இல்லை” என்றேன்.

அவன் மூட்டையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு திரும்பி நடந்தான். அந்த வெயிலில் அவன் கடைத்தெருக் கோடியில் மறையும்வரை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்குச் சோறு எனக்கு ருசியாக இறங்கியது.